சாவிக்கொத்தின் கட்டடத்தை நான் விலைபேசிய கதை

சாவிக்கொத்தின் வாழ்க்கையை எழுத அவருடைய பிள்ளைகளுக்கு மனம் இல்லை. சொந்தக்காரர்களுக்கு நேரம் இல்லை. எனக்கு இரண்டும் இருக்கிறது. அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை படிக்கலாம் என்று யாராவது உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் பொய் எழுதமாட்டேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் பதிப்பவன். இந்தப் பக்கத்தில் மேஸ்திரி என்று பொதுவாகச் சொன்னால் அது நான்தான். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டி என் நிழல்கூட விழுந்ததில்லை. ஆனால் இந்த ஊரில் பாதிப் பேர் காலையில் எழுந்து முதல் கால் வைப்பது நான் பதித்த தளத்தில். பெரிய மருத்துவமனையின் நீளமான நடையில் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நான் சொன்னேனோ அந்தப் பக்கம்தான் ஓடும். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்காமல் ஒரு கல்லைக்கூட நான் விட்டுவிட்டு வந்ததில்லை. எனக்கு இருக்கிற சொத்தில் ஒரு செங்கல்கூட மாமனார் கொடுத்ததில்லை. சாவிக்கொத்தின் கட்டடம் முழுக்க அவருடைய மாமனார் கொடுத்தது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது இடுப்புப் பட்டையில் தொங்கிய இரும்பு வளையத்தால். கட்டடத்தின் எல்லாச் சாவியும், குடியிருப்பவர்களின் அறைக்கு மறுசாவியும் அதில் இருக்கும். மாதத்தின் மூன்றாம் தேதி வாடகை வாங்க இறங்குவார். படியில் ஜலக் ஜலக் என்று சத்தம் கேட்டதும் கட்டடத்தில் பேச்சு நின்றுவிடும். கீழே தெருவைப் பார்த்து இரண்டு கடை, அதற்கு மேல் இரண்டு மாடியில் குடித்தனங்கள், உச்சி மாடியில் அவர். பின்பக்கம் படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. நானும் என் மனைவியும் கல்யாணம் ஆன புதிதில் அந்த அறையில்தான் இருந்தோம். படிக்கட்டின் அடிப்பக்கம்தான் எங்களுக்குக் கூரை. ஒரு பக்கம் நிமிரலாம், மறு பக்கம் போகப் போகக் குனிய வேண்டும். அடுப்பு குனிகிற பக்கம் இருந்தது.

சாவிக்கொத்திடம் ஒரு குணம். எதையும் எடுத்துப்போட்டுச் செய்யமாட்டார், இருப்பதன் மேலேயே செய்வார். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் சுரண்டமாட்டார், அதன் மேலேயே பெயின்ட். குழாய் ஒழுகினால் ஒரு துணி கட்டுவார். அந்தத் துணி ஒழுகினால் அதன் மேல் இன்னொரு துணி. டைல்ஸிலும் அதே கதைதான். பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதியது பதிப்பதுதான் முறை. கொத்துவதற்குக் கூலி உண்டு, குப்பையை அள்ளிப் போக வண்டிக்கூலி உண்டு. மேலேயே ஒட்டிவிட்டால் இரண்டும் மிச்சம். ஒருமுறை ஒட்டினால் தாங்கும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று போனால் கட்டடம் சுமக்க வேண்டாத கனத்தைச் சுமக்கும். அடுக்குக்கு நடுவே பொள்ளலாக வெற்றிடம் விழும். தரை உயர உயரக் கதவு திறக்காது, அடியை அறுக்க வேண்டிவரும்.

முன்பணம் கொடுக்க எங்களிடம் வழியில்லை. அதற்குப் பதிலாக உச்சி மாடிக்கும் எங்கள் அறைக்கும் கூலியில்லாமல் டைல்ஸ் போட்டுத் தரச் சொன்னார்.

"ஐயா, பழசைக் கொத்திட்டுப் போடலாமுங்க. கொஞ்சம் கூட நாள் ஆகும், அவ்வளவுதான்" என்றேன்.

"உங்கப்பன் வீட்டுக் காசாடா? மேலேயே ஒட்டு. கீழ என்ன இருக்குன்னு யாரு பார்க்கப் போறா?"

ஒட்டினேன். எங்கள் அறையில் தரை ஒரு கட்டைவிரல் அகலம் உயர்ந்தது. என் மனைவியின் தலை பழைய உயரத்துக்குப் பழகியிருந்தது. அடுப்பிலிருந்து எழுந்தவள் படிக்கட்டின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டாள். நிறைமாதம் அவளுக்கு. புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் "ஐயா போட்ட பொட்டு" என்பாள்.

மகள் பிறந்து மருத்துவமனையிலிருந்து மூன்று பேராகத் திரும்பி வந்தோம். எங்கள் மெத்தை தெருவில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் அடுப்பு, பாத்திரங்கள். மனைவியின் தையல் மெஷின் கவிழ்ந்து கிடந்தது, அதன் சக்கரம் கழன்று சாக்கடைக்குள். எங்கள் அறைக் கதவில் யாரோ ஒரு ஆள் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். சாவிக்கொத்து முதல் படியில் நின்றிருந்தார்.

"என்ன ஐயா இது? வாடகை பாக்கி வெச்சேனா?"

"பாக்கியெல்லாம் இல்லடா. பிள்ளை பெத்துட்டே. பிள்ளை இருந்தா தண்ணி செலவு. ராத்திரி பகல்னு இல்லாம அழுகை வேற. இவன் தனி ஆளு, கூடவும் தர்றான்."

"பச்சைக் குழந்தைங்க. ஒரு வாரம் குடுங்க, போயிடறோம்."

"வாடகைக்கு இருக்கறவனுக்குச் சுவரும் சொந்தமில்ல, தரையும் சொந்தமில்ல. நீ ஒட்டின தரைங்கறதுக்காக உன்னுதாயிடுமா? குனிஞ்சு இருக்கக் கத்துக்கோடா. எங்க போனாலும் பிழைச்சுக்குவே."

சொல்லிவிட்டு ஜலக் ஜலக் என்று மேலே ஏறிப் போனார். என் மனைவி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து சாக்கடையிலிருந்து சக்கரத்தை எடுத்துத் தன் துணியாலேயே துடைத்தாள். நான் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டடத்தை ஒருநாள் வாங்குவேன். இவர் கட்டிலை இதே இடத்தில் இறக்கி வைப்பேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் கல் பதித்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியால் தட்டி உட்காரவைக்கும்போது கண்ணுக்கு முன்னால் அவர் முகம்தான். அதனால்தானோ என்னவோ, நான் பதித்தது எதுவும் பெயர்ந்ததில்லை.

நான் எப்படி மேலே வந்தேன் என்று எழுதினால் அது தனிப் புத்தகம். சுருக்கமாகச் சொல்கிறேன்: முழங்கால் தேய்ந்தது, வீடு வந்தது. நாங்கள் இருக்க ஒரு வீடு, அது போக வாடகைக்கு விட இரண்டு சின்ன வீடுகள். முழங்கால் மடங்காத நாள் வந்தபோது அந்த இரண்டு வீட்டின் வாடகைதான் எங்கள் இருவருக்கும் சாப்பாடு, மருந்து, எல்லாம்.

அப்போது ஒரு தரகர் வந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை.

"மேஸ்திரி, தங்கமான சொத்து ஒண்ணு வந்திருக்கு. நூறு போட்டா வருஷத்துக்கு எட்டு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"கண்ணை மூடிக்கிட்டு நான் தூங்கத்தான் செய்வேன். எந்த இடம்னு சொல்லுங்க."

சொன்னார். அதற்குப் பிறகு நான் எட்டைப் பற்றியும் கேட்கவில்லை, நூறைப் பற்றியும் கேட்கவில்லை. "அவரு எங்க போவாராம்?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கயும் போகமாட்டாரு. சம்சாரம் போய்ச் சேர்ந்தாச்சு. பசங்க ரெண்டு பேரும் வெளியூர்ல இருந்துக்கிட்டு, உயிரோட இருக்கும்போதே பங்கைக் குடுங்கன்னு நிக்கறாங்க. அதான் விக்கறாரு. உச்சி மாடியில மட்டும் கடைசி வரைக்கும் பாதி வாடகைக்கு இருந்துக்குவாராம். அது ஒண்ணுதான் நிபந்தனை."

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். தெருவில் மெத்தையோடு கிடந்த அதே குழந்தைதான். இப்போது ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். என் மகள் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவர் இன்னும் பிறக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விவரத்தைக் கேட்டுக் கணக்குப் போட்டாள்.

"எட்டுங்கறது வர்ற வாடகை முழுசையும் சேர்த்துச் சொல்றது அப்பா. உச்சி மாடிக்கும் முழு வாடகை வர்ற மாதிரி எழுதியிருக்காங்க. பாதிதானே தருவாரு? ஒண்ணு போச்சு. ஒரு குடித்தனம் போய் இன்னொண்ணு வர்றதுக்குள்ள ஒரு மாசமாவது காலியா கிடக்கும். அதுல அரை. வரி, ரிப்பேர், தண்ணி மோட்டார், அதுல ஒண்ணரை. மிச்சம் அஞ்சு. அதையும் நூறால வகுக்கக்கூடாது. பத்திரச் செலவு, தரகு எல்லாம் சேர்ந்தா நீங்க போடறது நூத்திப் பத்து. நாலரைதான் தேறும். பேங்க்ல சும்மா போட்டு வெச்சாலே ஆறு தர்றான்."

"நாலரை போதும்."

"நம்ம ரெண்டு வீட்டையும் வித்து, கையில இருக்கறதையும் துடைச்சுப் போடணும். அதுதான் உங்க ரெண்டு பேருக்கும் சோறு. விளையாடாதீங்க."

"வரவுப் பக்கம் 'பழி'ன்னு ஒரு வரி எழுதிக்கோம்மா" என்றேன்.

"அதுல வருஷத்துக்கு எவ்வளவு வரும்?"

மெஷினில் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமல், "நல்லாவே வரும். எழுதுடி" என்றாள்.

"அம்மா, நீயுமா!" மகள் பேனாவை வைத்துவிட்டாள். "வாங்கினதும் என்ன பண்ணப் போறீங்க? அவரைத் தெருவுல இறக்குவீங்க. மாடி காலியா கிடக்கும். காலியா கிடக்கற ஒவ்வொரு மாசமும் நம்ம கைக்காசு. அவரு தெருவுல நிக்கறதைப் பார்க்க மாசாமாசம் டிக்கெட் வாங்கற மாதிரி. முதல்ல போய்க் கட்டடத்தைப் பாருங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க, மறுபடி போடறேன்."

போனேன். சுத்தியை எடுத்துக்கொண்டு, தரகரோடு போனேன். சாவிக்கொத்து வற்றியிருந்தார், வளையம் மட்டும் அப்படியே தொங்கியது. என்னை அடையாளம் தெரியவில்லை. "வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய் சுத்திக் காம்பால் தரையைத் தட்டினேன். நல்ல தளம் கல்லைப் போலப் பேசும். இது காலிப் பெட்டியைப் போலப் பேசியது.

"இது தளம் இல்லீங்க, மத்தளம்" என்றேன். தரகர் கைக்குட்டையை எடுத்தார்.

கதவுகளைப் பார்த்தேன். அடியை அறுத்து அறுத்து, உச்சி மாடியில் அடிச்சட்டமே போய் வெறும் பலகை நின்றது. குளியலறை ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. அங்கே குனிந்து பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது: மேலே வெள்ளை, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே பழுப்புப் பூப்போட்ட கல்.

"இந்தப் பழுப்புப் பூ என்னுது" என்றேன். "மேல இருக்கற ரெண்டும் எவன் ஒட்டினானோ தெரியாது. மூணையும் சேர்த்துக் கட்டடம் சுமந்துக்கிட்டு நிக்குது. கீழ் மாடி கூரையில விரிசல் விட்டிருக்கே, பார்த்தீங்களா? எல்லா மாடியிலயும் இதைக் கொத்தி எடுக்காம இந்தக் கட்டடம் வாங்கறவன் நிம்மதியா தூங்கமாட்டான்."

சாவிக்கொத்து என்னையே பார்த்தார். "நீ… அந்தப் படிக்கட்டு அடியில இருந்தவனா?"

"இருந்தவன் இல்லீங்க. இறக்கி வெச்சீங்களே, அவன்."

அன்றே மகள் மறுபடி கணக்குப் போட்டாள். கொத்த, அள்ள, புதிதாகப் பதிக்க முப்பது. என் கூலியையும் எழுதினாள். "உங்க கை என்ன இலவசமாப்பா?" என்றாள். அந்த வார்த்தைக்காகவே அவளைப் படிக்கவைத்த செலவு எனக்கு வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. நூறு கொடுத்து வாங்கினால் மூன்றரைதான் நிற்கும் என்றாள். பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டாள்: நமக்கு எட்டுக்குக் கிட்டே வர வேண்டுமானால் என்ன விலை கொடுக்கலாம்? உச்சி மாடியில் சலுகை கிடையாது, சரிசெய்த பிறகு நல்ல வாடகை. விடை ஐம்பத்தைந்து. ஒரு வீட்டை விற்று, கையில் இருப்பதைச் சேர்த்தால் போதும், மற்ற வீடு எங்கள் சோற்றுக்கு நிற்கும்.

நானே போய்ச் சொன்னேன். அவர் கத்திய கத்தலில் கீழ்க்கடைக்காரன் வெளியே வந்து பார்த்தான்.

"பாதி விலைக்குக் கேக்கறியா? என் வீட்டுல தரையில கிடந்த பய! இறங்குடா கீழ!"

"இறங்கறேன் ஐயா. படி உங்களுது. இன்னைக்கு வரைக்கும்."

நான் எதுவும் செய்யவில்லை, உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் வாங்க வந்தார்கள். வாங்க வருகிற எவனும் தரையைப் பார்க்க ஒரு டைல்ஸ்காரனைக் கூட்டி வருவான். இந்த ஊரில் எந்த டைல்ஸ்காரன் என்னோடு வேலை செய்யாதவன்? எல்லோரிடமும் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தேன்: "தட்டிப் பாருங்கப்பா. என்ன கேக்குதோ அதை மட்டும் சொல்லுங்க." பொய் சொல்லச் சொல்லவில்லை. அவருக்கு எதிராகப் பொய்யே தேவைப்படவில்லை. அதில் எனக்கு இருந்த சுகத்தை எழுத என் மூன்றாம் வகுப்புத் தமிழ் போதாது.

ஒரு வருடம் போனது. பிள்ளைகள் போனிலேயே அவரைப் பிய்த்தெடுத்தார்கள். ஒருநாள் காலையில் எங்கள் வாசலில் ஜலக் என்று சத்தம். என் மனைவியின் மெஷின் நின்றது.

"மேஸ்திரி இருக்காருங்களா?"

உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம். குடித்தார். எங்கள் தரையைக் காலால் தடவிப் பார்த்தார், எனக்குத் தெரியாமல் செய்வதாக நினைத்துக்கொண்டு.

"ஐம்பத்தஞ்சு சொன்னீங்க…"

"அது போன வருஷம் ஐயா. இப்ப ஐம்பது. உங்க விரிசலுக்கும் ஒரு வயசு கூடியிருக்கு."

"சரி. ஆனா மேல்மாடி எனக்கு வேணும்."

"அது முடியாது. கனம் மேல இருந்துதானே இறங்குது? வேலையும் மேல இருந்துதான் ஆரம்பிக்கணும். முதல்ல உங்க மாடியைத்தான் கொத்துவோம். முடிஞ்சதும் அதுக்கு என்ன வாடகை போகுதோ அதுதான். முழுசாத் தந்தா நீங்களே வந்து இருங்க."

"அவ்வளவு குடுத்து எவன் இருப்பான்? அது வரைக்கும் நான் எங்க போறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. மகளின் வயதுதான் அதற்கும் வயது. 'தெருவுக்கு' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி குறுக்கே வந்தாள். குரலில் அவ்வளவு மரியாதை.

"படிக்கட்டுக்கு அடியில ஒரு ரூம் உண்டே ஐயா? இப்ப சும்மாதானே கிடக்கு?"

"அது சாமான் போடற ரூமும்மா."

"அப்படிங்களா? நாங்க இருந்தப்ப மனுஷங்க இருந்தோம்."

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் கட்டிலைத் தெருவில் இறக்குவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் அவரை எங்கே வைக்க வேண்டும் என்று இடம் பார்த்து வைத்திருக்கிறாள்! தையல்காரி அளவெடுத்தால் பிசகுமா?

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தரகரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக வீடு தேடினார். கையில் காசு இல்லாமல் இல்லை. பிள்ளைகளின் பங்கு போக அவருக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு வாடகையையும் கேட்டுவிட்டு, "இந்த ரூமுக்கா? நான் இதைவிடப் பெரிசை இதுல பாதிக்கு விட்டவன்" என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். கடைசியில் இந்தப் பகுதியிலேயே மலிவான அறை எது? படிக்கட்டுக்கு அடியில் இருப்பதுதான். யாரும் அவரைத் தூக்கிக் கொண்டுபோய் வைக்கவில்லை. அவருடைய கருமித்தனமே கையைப் பிடித்து அழைத்துப் போனது.

பத்திரம் முடிந்த அன்று வளையத்தை இடுப்பிலிருந்து கழற்ற அவரால் முடியவில்லை, துரு பிடித்துப் பட்டையோடு ஒட்டியிருந்தது. நான்தான் குறட்டால் கழற்றினேன். அவருடைய அறைச் சாவி ஒன்றை மட்டும் கையில் கொடுத்தேன். மறுசாவி வளையத்திலேயே இருந்தது.

உச்சி மாடியில் உளி விழுந்த நாள்கள்தான் என் வாழ்நாளில் நல்ல நாள்கள். மடங்காத முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு என் பழுப்புப் பூவை நானே பெயர்த்தேன். குப்பை மூட்டைகள் எல்லாம் அவர் தலைக்கு மேலே இருந்த படிகளில்தான் இறங்கின. வேலை முடிந்ததும் கதவுகள் அகலத் திறந்தன. அந்த மாடியைக் கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதிக்கு விட்டேன். தாராளமாகத் தண்ணீர் செலவழிக்கிறார்கள், குழந்தை தாராளமாக அழுகிறது. சொன்ன வாடகையைச் சொன்ன தேதியில் தருகிறார்கள். மகள் வருடக் கடைசியில் கணக்குப் போட்டு, "அப்பா, ஒன்பதுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்" என்றாள். அதில் ஏறக்குறைய அரை, படிக்கட்டு அடி அறையிலிருந்து வருகிறது. அந்த அரை எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

மூன்றாம் தேதிகளில் வளையத்தை நான் மாட்டிக்கொண்டு போகிறேன். ஆட்டி ஆட்டித்தான் நடப்பேன். உள்ளே எழுந்திருக்கும் சத்தம் கேட்கும், உடனே 'டொக்' என்று இன்னொரு சத்தம். நாங்கள் காலி செய்த பிறகு அந்த அறையிலும் என் தளத்தின் மேல் இரண்டு அடுக்கு ஒட்டியிருக்கிறார். எங்களுக்கு இருந்த உயரமும் இப்போது அங்கே இல்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே வாடகையை நீட்டுவார். எண்ணி வாங்கிக்கொள்வேன்.

"ஐயா, இந்த ரூமையும் கொத்தி எடுத்துட்டா நீங்க நல்லா நிமிர்ந்து நிக்கலாம். ஒரு நாள் வேலை. செலவை வாடகையில கொஞ்சமா ஏத்திக்கலாம்."

"எவ்வளவு ஏத்துவீங்க?"

சொல்வேன். நியாயமான தொகைதான், வேண்டுமானால் என் மகளைக் கேளுங்கள். அவர் உதடு அசையக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். பிறகு கையை ஆட்டுவார்.

"வேணாம், வேணாம். குனிஞ்சு இருக்கப் பழகிட்டேன்."

நிமிர்ந்து நிற்க என்ன விலை என்று அவருக்கு ஒவ்வொரு மாதமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். ஒவ்வொரு மாதமும் அதிகம் என்கிறார்.